பிளஸ் டூ கணக்கில் 58: என் விடைத்தாளை நானே வாசித்த கதை

2015ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணிக்குப் பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாயின. ஆலங்குளத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் சொல்லிவிட்டு, எனக்கு முன்னால் நின்ற நான்கு பேரின் தோள்களுக்கு இடையே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தமிழ் 168, ஆங்கிலம் 121, இயற்பியல் 109, வேதியியல் 118, உயிரியல் 127, கணிதம் 58. கூட்டினால் 1200க்கு 701. அந்நாளில் ஒவ்வொரு பாடத்துக்கும் 200 மதிப்பெண். தேர்ச்சிக்கு 70 வேண்டும். பாடத்துக்கு எழுபதாக ஆறு பாடங்களில் 420 எடுத்தவர் தேர்ச்சி பெற்றவர், 701 எடுத்த நான் தேர்ச்சி பெறாதவள். இந்தக் கணக்கு அன்று எனக்குப் பெரிய அநீதியாகத் தோன்றியது. அது தேர்வு விதிதான் என்பதை ஏற்றுக்கொள்ளச் சில வாரங்கள் ஆயின.

எங்கள் ஊர் ஆலங்குளத்துக்கும் பாவூர்சத்திரத்துக்கும் இடையே உள்ள ஒரு சிறு கிராமம். அப்போது திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பரிலிருந்து தென்காசி மாவட்டம். அப்பா கொத்தனார் வேலைக்குப் போவார், அம்மா பீடி சுற்றுவார். முடிவு வந்த அன்று அம்மா கடைக்குப் பீடி கொண்டுபோகவில்லை. இரவு என் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தார். நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவரும் எழுந்தார். ஏன் இப்படிக் கூடவே வருகிறார் என்று அன்று எரிச்சலாக இருந்தது. தேர்வு முடிவு வரும் நாட்களில் செய்தித்தாளில் எப்படிப்பட்ட செய்திகளும் வருகின்றன என்பதை அவர் அறிந்திருந்தார் என்பதும், அந்த இரவு முழுவதும் அவர் கண் மூடவே இல்லை என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தன. இன்று அப்படி ஓர் இரவு எந்த வீட்டிலாவது இருக்குமானால், 104 என்ற எண்ணிலும் 14416 என்ற எண்ணிலும் கட்டணம் இல்லாமல், எந்த நேரத்திலும் பேசலாம். பிள்ளை பேச மறுத்தால் பெற்றோர் பேசலாம். அன்று எங்களுக்கு இப்படி ஒரு வழி இருப்பதாக எவரும் சொல்லவில்லை.

மறுநாள் காலை அப்பா கேட்ட முதல் கேள்வி, "அடுத்து எப்ப எழுதணும்?" என்பது. எப்படிப் போயிற்று, ஏன் போயிற்று என்று தெருவே கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் தேதியைக் கேட்டார். வேலைக்குப் போகாமல் என்னை அழைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். அங்கே போன பிறகுதான், தோற்றவர்களுக்கும் ஒரு கால அட்டவணை இருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது. ஜூன் கடைசியில் தொடங்கும் சிறப்புத் துணைத் தேர்வுக்கு, நாங்கள் அப்போது இன்ஸ்டன்ட் எக்ஸாம் என்று சொன்ன அந்தத் தேர்வுக்கு, சில நாட்களுக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். விடைத்தாளின் நகல் வேண்டுமென்றால் அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கடைசித் தேதி. மறுமதிப்பீடு கேட்க விரும்புகிறவர் முதலில் நகலைப் பெற்றிருக்க வேண்டும். நகல் கைக்கு வரட்டும், பார்த்துவிட்டுத் துணைத் தேர்வுக்குப் பணம் கட்டலாம் என்று காத்திருப்பவர் துணைத் தேர்வுக்கான தேதியைத் தவறவிட்டுவிடுவார். எங்கள் வகுப்பில் ஒருத்திக்கு அப்படித்தான் நேர்ந்தது. அன்றைய நாளிதழ்களின் முதல் பக்கத்தில் மாநில முதலிடம் பெற்றவர்களின் வாயில் பெற்றோர் இனிப்பு ஊட்டும் படங்கள் இருந்தன. இந்தத் தேதிகள் உள்பக்கத்தில் எங்கோ ஒரு மூலையில் இருந்தன. 2017இல் தரவரிசை அறிவிப்பதை அரசு நிறுத்தியபோது நான் மனமார மகிழ்ந்தேன். ஆனால் அப்படிக் காலியான இடத்தில் தோற்றவர்களுக்கான தேதிகளைப் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்ற என் ஆசை இன்னும் நிறைவேறவில்லை.

நகலுக்கு அப்பா 275 ரூபாய் கட்டினார். பள்ளியில் ஒருவர், "பன்னிரண்டு மார்க் மறுமதிப்பீட்டில் வராது, வீணாகப் பணத்தைக் கட்ட வேண்டாம்" என்றார். அவர் சொன்னது சரியாகவே இருந்திருக்கும். ஆனால் அந்த 275 ரூபாய்தான் எங்கள் வீட்டில் என் படிப்புக்காகச் செலவழித்த பணத்திலேயே மிகவும் பயன்பட்டது என்று இன்று உறுதியாகச் சொல்வேன். அதைக் கட்டியது மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்வதற்காக; பயன்பட்டது வேறு விதத்தில்.

மே மாதக் கடைசியில் நகல் வந்தது. அதே கம்ப்யூட்டர் சென்டரில் அச்செடுத்து, ஒரு துணிக்கடைப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு நாட்கள் பையைத் திறக்கவில்லை. என் கையெழுத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. கடைசியில் அதைத் திறந்தது நானல்ல, எங்கள் அடுத்த வீட்டு அக்கா. அவர் பி.எஸ்சி. கணிதம் படித்தவர், திருமணமாகி எங்கள் தெருவுக்கு வந்த பிறகு மற்றப் பெண்களைப் போல அவரும் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டார். மதிய வேளைகளில் அம்மாவும் அவரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் சேர்ந்து உட்கார்ந்து சுற்றுவார்கள். பேச்சுவாக்கில் அம்மா பையைப் பற்றிச் சொல்லிவிட்டார். அக்கா கையைக் கழுவிச் சேலையில் துடைத்துக்கொண்டு, தாள்களை வாங்கி முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். பரிதாபமாக ஒரு சொல்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை. கணக்குப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார், பென்சிலைக் கேட்டார்.

ஒரு பக்கம் எனக்கு இன்றும் கண் முன்னால் நிற்கிறது. பரவளையத்தின் சமன்பாட்டைக் கொடுத்து, அதன் அச்சு, முனை, குவியம், இயக்குவரை, செவ்வகலத்தின் நீளம் ஆகியவற்றைக் கண்டு வரையச் சொல்லும் பத்து மதிப்பெண் கணக்கு. வர்க்கத்தைப் பூர்த்திசெய்யும் முதல் இரண்டு வரிகளைச் சரியாக எழுதியிருக்கிறேன். முனையும் சரி. வலப்பக்கத்தில் எட்டு என்று வந்திருக்கிறது. நான்கு ஏ என்பது எட்டு, ஆகவே ஏ என்பது இரண்டு என்று எழுத வேண்டிய இடத்தில், ஏ என்பது எட்டு என்று எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வரிக்குப் பிறகு குவியம் தவறு, இயக்குவரை தவறு, படமும் தவறு. அதைவிட மனத்தை அறுத்தது அதற்கு அடுத்த பக்கம். அங்கே ஏ என்பது இரண்டு என்று ஒருமுறை சரியாக எழுதத் தொடங்கி, நான்கு வரிகள் போனபின் சந்தேகப்பட்டு, முழுவதையும் குறுக்கே கோடிட்டு அடித்திருக்கிறேன். நகல் கறுப்பு வெள்ளை என்பதால் திருத்தியவர் எந்த மையில் எழுதினார் என்று தெரியவில்லை. அடித்த பகுதியைத் தாண்டி, தவறான விடையின் ஓரத்தில், சரியாக இருந்த படிகளுக்கு மட்டும் மூன்று மதிப்பெண் போட்டிருந்தார். முகம் தெரியாத ஒருவர் என் தவறுகளுக்கு நடுவே சரியான படிகளைத் தேடித் தேடி மதிப்பெண் கொடுத்திருக்கிறார் என்பதைப் பார்த்தபோதுதான், முடிவு வந்த நாளுக்குப் பிறகு முதன்முறையாக அழுதேன்.

கணிதத்துக்குச் செய்முறைத் தேர்வு கிடையாது. இயற்பியலிலும் வேதியியலிலும் உயிரியலிலும் ஐம்பது மதிப்பெண் ஆய்வகத்திலிருந்து வந்து கைகொடுக்கும். கணிதத்தில் இருநூறும் அந்த மூன்று மணி நேரத்தில் எழுதித்தான் வர வேண்டும். ஒரு மதிப்பெண் வினாக்கள் 40, ஆறு மதிப்பெண் வினாக்கள் 10, பத்து மதிப்பெண் வினாக்கள் 10. எனக்குக் கிடைத்தவை அந்த வரிசையில் 17, 19, 22. அக்கா பென்சிலால் ஒவ்வொரு வினாவின் பக்கத்திலும் ஓர் எழுத்தை இட்டுக்கொண்டே போனார். எனக்குத் தெரியாததால் போனதற்குத் "தெ", தெரிந்திருந்தும் கை தவறிப் போனதற்குக் "கை", எழுதாமலே விட்டதற்கு "வி". மாலையில் கூட்டிப் பார்த்தோம். நான் இழந்தவை 142 மதிப்பெண். அதில் தெரியாமல் போனவை 61, கை தவறியவை 34, எழுதாமல் விட்டவை 47.

நாற்பத்தேழு! ஒரு மதிப்பெண் வினாக்களில் ஒன்பதைத் தொடவே இல்லை. ஆறு மதிப்பெண்ணில் மூன்றும், பத்து மதிப்பெண்ணில் இரண்டும் எழுதவில்லை. பெரிய வினாக்களை முதலில் எழுதினால் திருத்துபவருக்கு நல்ல எண்ணம் பிறக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு மதிப்பெண் வினாக்களைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒதுக்கியிருந்தேன். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படாத ஒரு தேர்வில் ஒன்பது வினாக்களை வெறுமையாக விட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். எனக்குக் கணக்கு வராது என்று மூன்று வாரங்களாக நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்; அந்தத் தாள் அப்படிச் சொல்லவில்லை. எந்த இடத்தில், எதனால், எத்தனை மதிப்பெண் போயிற்று என்று மட்டுமே அது சொன்னது. 58 என்ற எண்ணை வைத்துக்கொண்டு அழத்தான் முடிந்தது. தாளை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடிந்தது.

தெரியாமல் போன 61 மதிப்பெண்ணின் வேர் பிளஸ் ஒன்னில் இருந்தது. நான் பிளஸ் ஒன் படித்த ஆண்டில் எங்கள் பள்ளியில் கணித ஆசிரியர் பணியிடம் பல மாதங்கள் காலியாக இருந்தது. அப்போது பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை. பல பள்ளிகளில் அந்த ஆண்டுப் பாடத்தை மேலோட்டமாக முடித்துவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டு ஆண்டுகள் நடத்தினார்கள். எங்கள் பள்ளியில் அதுவும் நடக்கவில்லை, இதுவும் நடக்கவில்லை. வகையிடுதலின் அடிப்படைச் சூத்திரங்களே சரியாகத் தெரியாமல் வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகளுக்கும், அதற்குப் பின் தொகை நுண்கணிதத்துக்கும் நான் வந்திருந்தேன். அஸ்திவாரம் போடாமல் லிண்டல் மட்டத்துக்குச் சுவர் எழுப்பினால் என்ன ஆகும் என்று அப்பாவைக் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். எனவே அக்கா முதல் எட்டு நாட்கள் பிளஸ் டூ புத்தகத்தைத் திறக்கவே விடவில்லை. பழைய பிளஸ் ஒன் புத்தகம் ஒன்றை அடுத்த ஊரிலிருந்து வாங்கி வந்தோம். ஒரு நாளைக்கு நாற்பது வகையிடல் கணக்குகள், பிறகு முக்கோணவியல் சூத்திரங்கள்.

அவர் கற்பித்த முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பீடி சுற்றுகிறவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். நனைத்த இலையை அளவுத் தகட்டை வைத்துக் கத்தரிக்க வேண்டும். வெட்டிய இலையில் தூளைப் பரப்பி உருட்ட வேண்டும். நூலால் கட்டி நுனியை மடக்க வேண்டும். கண் தட்டில் இருக்கும், விரல்களில் தூள் ஒட்டியிருக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி என்பதால் கையை நிறுத்தினால் காசு நின்றுபோகும். ஆகவே அக்காவால் பேனாவைத் தொட முடியாது. ஒரு கணக்கைக்கூட அவர் எனக்கு எழுதிக் காட்டவில்லை. "அடுத்த வரி என்ன?" என்று கேட்பார், நான் வாயால் சொல்லி, பிறகு எழுத வேண்டும். எழுதியதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். தவறு இருந்தால், "மறுபடி வாசி" என்பார், அவ்வளவுதான். மூன்றாம் முறை வாசிக்கும்போது தவறு எனக்கே கேட்கும். பள்ளியில் ஆசிரியர் கரும்பலகையில் போட்ட கணக்கை நான் பார்த்து எழுதிக்கொண்டே இருந்தேன். அது எனக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது. திண்ணையில் எனக்காக எழுத ஒருவரும் இல்லாததால்தான் நான் கணக்குப் போடக் கற்றேன் என்று நினைக்கிறேன்.

"அடிக்காத பிள்ளே" என்பதுதான் அவர் அடிக்கடி சொன்ன வாக்கியம். விடையில் சந்தேகம் வந்தால் பக்கத்தில் சிறியதாக ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும், முழுத் தாளையும் முடித்தபிறகு அந்தப் புள்ளிக்குத் திரும்ப வேண்டும், அதுவரை எதையும் கோடிட்டு அடிக்கக் கூடாது என்பது சட்டம். பாடங்களின் வரிசையையும் அவரே மாற்றினார். பழைய அடிப்படை எதுவும் தேவைப்படாத தனிநிலைக் கணக்கியலில் தொடங்கினோம்; மெய்யட்டவணைகளை இரண்டே நாளில் தவறில்லாமல் போட முடிந்ததும், எனக்கும் ஒன்று வரும் என்ற நினைப்பு உள்ளே ஊறியது. அதன் பிறகு அணிகள், கலப்பெண்கள், வெக்டர். பகுமுறை வடிவியலுக்கு வந்தபோது ஜூன் பாதி கடந்திருந்தது. தொகை நுண்கணிதத்தில் எல்லாவற்றையும் முடிக்க முடியவில்லை. சிலவற்றைத் தெரிந்தே விட்டோம். விடுவதைத் தேர்வறையில் முடிவு செய்யாமல் திண்ணையிலேயே முடிவு செய்தது நல்லதாகப் போயிற்று.

துணைத் தேர்வு மையம் வேறு ஊரில், வேறு ஒரு பள்ளியில் இருந்தது. பழைய வகுப்புத் தோழிகள் அந்த வாரம் கல்லூரிக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். ஒரே பேருந்தில் அவர்கள் புதுப் பையோடு ஏறினார்கள், நான் ஹால் டிக்கெட்டோடு ஏறினேன். அது வலித்தது. தேர்வறையில் முதல் வேலையாக ஒரு மதிப்பெண் வினாக்கள் நாற்பதையும் ஒன்றைக்கூட விடாமல் எழுதினேன். தாளில் மொத்தம் ஆறு இடங்களில் புள்ளி வைத்தேன். கடைசி இருபது நிமிடத்தில் ஆறுக்கும் திரும்பினேன், இரண்டைத் திருத்தினேன். முடிவு வந்தபோது 124.

இதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அந்த ஜூலையில் நான் விரும்பிய கல்லூரியில் இடங்கள் நிரம்பியிருந்தன. ஓராண்டு வீட்டில் இருந்தேன். துணைத் தேர்வு எழுதினால் ஆண்டு வீணாகாது என்று பொதுவாகச் சொல்வதுண்டு. பலருக்கு அது உண்மை, எனக்கு உண்மையாகவில்லை. அந்த ஆண்டில் அம்மாவோடு பீடி சுற்றினேன், ஆலங்குளத்தில் தட்டச்சு பழகினேன். 2016இல் பி.காம். சேர்ந்தேன். 2022 ஜூலை 24 அன்று நடந்த குரூப் 4 தேர்வு எழுதி, இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருக்கிறேன். அந்தத் தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே கல்வித்தகுதி. சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனபோது, 2015 மார்ச், 2015 ஜூன் என்று என்னிடம் இருந்த இரண்டு பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்களையும் கை நடுங்க நீட்டினேன். ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக நான் எவர் கண்ணிலும் படாமல் மறைத்து வைத்திருந்த முதல் சான்றிதழை அந்த அலுவலர் இரண்டு விநாடி பார்த்தார், பட்டியலில் ஒரு குறியிட்டார், அடுத்த தாளைக் கேட்டார்.

2025 மே 8 அன்று முடிவுகள் வந்தபோது சுரண்டையிலிருந்து சித்தி அழுதுகொண்டே போன் செய்தார். தம்பி வேதியியலில் தேர்ச்சி பெறவில்லை. இப்போது பாடத்துக்கு 100 மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து 30க்கு 28 வாங்கியிருக்கிறான். எழுத்துத் தேர்வில் 70க்கு 11. கூட்டினால் 39 வருகிறது. ஆனால் எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாகக் குறைந்தது 15 வேண்டும் என்பதால் தேர்ச்சி இல்லை. அது என்ன நியாயம் என்று சித்தி கேட்டார். எனக்கு என் 701 நினைவுக்கு வந்தது. நியாயத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம், துணைத் தேர்வுக்கு என்றைக்குள் பணம் கட்ட வேண்டும் என்று முதலில் பள்ளியில் கேளுங்கள், கூடவே நகலுக்கும் விண்ணப்பியுங்கள் என்று சொன்னேன். இரவில் அவனைத் தனியே விட வேண்டாம் என்றும் சொன்னேன்.

நகல் வந்த ஞாயிற்றுக்கிழமை நான் சுரண்டைக்குப் போனேன். அவன் போனில் அதைத் திறந்து, விரலால் விறுவிறுவென்று கடைசிவரை தள்ளிவிட்டு, "பாத்துட்டேன்க்கா" என்றான். அவனைக் கடைக்கு அழைத்துப்போய் எல்லாப் பக்கங்களையும் அச்செடுத்தேன். வீட்டு முன்னறையில் தாள்களை அவன் மடியில் வைத்துப் பென்சிலையும் கையில் கொடுத்து, சித்தியோடு பேசிக்கொண்டிருப்பதாகப் பாவனை செய்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பக்கத்தை எடுத்தான். அடுத்த பக்கத்துக்குப் போக அவனுக்கு வெகு நேரம் பிடித்தது.